டென்ஸ் என்றால் டென்ஷன் ஏன்?

இங்கிலீஷில் மொத்தம் பன்னிரண்டு டென்ஸ். ஒன்பதாம் வகுப்பில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் அப்படியே இறக்கி வைத்து மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். அதே நாம், ஆபீஸில் மானேஜர் திடீரென்று திரும்பி, ‘வேர் ஈஸ் தட் ஃபைல்?’ என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? ‘சார்... ஐ... ஆல்ரெடி கிவன் சார்...’ அப்புறம் ஃபேனுக்கு அடியில் போய் நின்று கொள்கிறோம்.

பகலில் ஒரு கம்பெனியில் கடிதங்கள் டிராஃப்ட் பண்ணுவது என் உத்தியோகம். வாரத்தில் மூன்று சாயங்காலம், திருச்சியில் ஒரு மாடி அறையில், வேலைக்குப் போகிற பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். மெடிக்கல் ஷாப், கொரியர் ஆபீஸ், லேத் பட்டறை, இன்ஷூரன்ஸ் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். டிபன் பாக்ஸோடும் ஹெல்மெட்டோடும் நேரே வகுப்புக்கு வருகிறவர்கள்தான் பாதிப்பேர். அவர்கள் பேசுவதிலும் எழுதுவதிலும் வரும் தப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். இதுவரை நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், நான்கு நோட்டிலும் திரும்பத் திரும்ப ஒரே பத்து, பன்னிரண்டு தப்புகள்தான்!

ஏன் அப்படி? யோசித்துப் பார்த்தால் புரியும். இந்தப் பையன்கள் யாரும் குருட்டாம்போக்கில் தப்பு பண்ணுவதில்லை. சுத்தமான, சரியான தமிழை இங்கிலீஷ் வார்த்தை போட்டுப் பேசுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அப்படியென்றால் நம் தமிழ் எங்கே இங்கிலீஷோடு ஒத்துப் போகிறது, எங்கே கை விடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதானே?

பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க

முதலில் ஒரு நல்ல சேதி. ‘டென்ஸ்’ என்ற வார்த்தைக்கும் ‘டென்ஷ’னுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இலக்கண டென்ஸ், லத்தீனில் காலத்தைக் குறிக்கும் ‘டெம்பஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. டென்ஷன் என்பது இழுத்து விறைப்பாக்குவதைக் குறிக்கும் வேறு ஒரு சொல்லின் வழி வந்தது. இரண்டும் இரண்டு குடும்பம். நாம்தான் சேர்த்து வைத்துக் கல்யாணம் பண்ணிவிட்டோம்.

இரண்டாவது சேதி இன்னும் நல்லது. மொழியியல் அறிஞர்களைக் கேட்டால், இங்கிலீஷில் வினைச்சொல்லே உருமாறிக் காட்டும் காலம் இரண்டுதான் என்பார்கள்: நிகழ்காலம், இறந்தகாலம். எதிர்காலத்துக்குத் தனி உருவம் இல்லை. ‘விரும்புகிறேன்’ என்ற அர்த்தத்தில் இருந்த ‘வில்’லைக் கூப்பிட்டுக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நம்மிடம் மூன்று காலத்துக்கும் தனித்தனி இடைநிலை உண்டு. நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று, ஆநின்று என்று நன்னூலில் பவணந்தி முனிவர் பட்டியலே போட்டுவிட்டார். ஆக, மூன்று பெட்ரூம் வீட்டில் பிறந்தவன், இரண்டு பெட்ரூம் வீட்டைப் பார்த்து நடுங்குகிறான்!

பின்னே அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை. செய்வது, செய்துகொண்டிருப்பது, செய்திருப்பது, வெகு நேரமாகச் செய்துகொண்டே இருப்பது. மூநான்கு பன்னிரண்டு. இதை நம் நாட்டுப் பையன்கள் தலையில் ஏற்றிய புத்தகங்களில் முக்கியமானது 1935-ல் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், அதற்குப் பதினோரு வருஷம் முன்பே ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் பேர் வாங்கியவர். பாலைவனம், துப்பாக்கி, காணாமல் போன ரத்தினம் என்று விறுவிறுப்பாகப் போகும் கதை. அதே கைதான் நமக்கு இலக்கணப் பயிற்சியும் எழுதித் தந்தது. நாவலை விட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் பிடித்துக் கொண்டோம், என்ன செய்ய!

‘தினமும் வருவேன்’

என் நோட்டில் முதலிடம் இதற்குத்தான்.

இன்டர்வியூவில் கேட்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்? பையன் சொல்கிறான்: ‘ஐ வில் கோ டு டெம்பிள். ஐ வில் ப்ளே கிரிக்கெட்.’ கேட்டவர் குழம்புகிறார். இவன் வழக்கத்தைச் சொல்கிறானா, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ப்ரோக்ராம் தருகிறானா?

பையன் மேல் தப்பில்லை. தமிழில் நாம் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால உருவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். ‘ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவேன்.’ ‘காலையிலே ஆறு மணிக்கு எழுந்துக்குவேன்.’ இங்கிலீஷில் வழக்கத்துக்கு வெறும் நிகழ்காலம்: ‘ஐ கோ’, ‘ஐ ப்ளே’. ‘வில்’ போட்டால் வாக்குறுதி ஆகிவிடும். ‘ஐ வில் கம் டு ஆபீஸ் அட் நைன்’ என்று மானேஜரிடம் சொன்னால், இத்தனை நாள் ஒன்பது மணிக்கு வரவில்லை என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி!

பழைய வழக்கத்துக்கும் இதே கதைதான். ‘சின்ன வயசிலே ஆத்துலே குளிப்போம்’ என்கிறோம். நடந்தது இருபது வருஷம் முன்னால். வினை மட்டும் எதிர்காலத்தில்! இங்கிலீஷில் இதற்கு ‘யூஸ்ட் டு’ என்று ஒன்று தயாராக இருக்கிறது. ‘வீ யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்.’

‘நேத்தே அனுப்பிட்டேன் சார்!’

இரண்டாமிடம் இதற்கு. ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே.’ ஆபீஸ் ஈமெயில்களில் தினம் பார்க்கலாம். ‘ஹேவ்’ வந்தால் ‘யெஸ்டர்டே’ வரக்கூடாது. நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் வெறும் இறந்தகாலம் போதும்: ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.’ நேரம் சொல்லாமல், வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் காட்ட வேண்டுமானால்தான் ‘ஐ ஹேவ் சென்ட் இட்.’

இந்தத் தப்புக்கு மூலகாரணம் நம் ‘விட்டேன்’. ‘அனுப்பிவிட்டேன்’ என்பதோடு ‘நேற்று’ அழகாக ஒட்டும். அதனால் ‘ஹேவ்’வோடும் ஒட்டும் என்று நினைத்துவிடுகிறோம். ‘ஹேவ்’வுக்குச் சரியான தமிழ் ஜோடி ‘இருக்கிறேன்’. ‘தாஜ்மகால் பார்த்திருக்கிறேன்’ என்கிறோமே, அது. எப்போது பார்த்தீர்கள் என்பது முக்கியமில்லை. பார்த்த அனுபவம் இன்றைக்கும் கையில் இருக்கிறது. ‘ஹேவ்’ என்றாலே ‘கையில் இருக்கிறது’ என்றுதானே அர்த்தம்!

அடுத்து, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.’ ‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதன் நேரடி நகல். தமிழுக்கு ‘பார்க்கிறேன்’ போதும். இங்கிலீஷ்காரனுக்குப் பின்னால் ஓடிவந்த ஐந்து வருஷமும் வினையில் தெரிய வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ ‘சின்ஸ்’ஸா ‘ஃபார்’ரா என்ற குழப்பத்துக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. ‘லிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’. ‘ஆக’ என்று வந்தால் ‘ஃபார்’. ‘2020-லிருந்து’ என்றால் ‘சின்ஸ் 2020’. ‘ஐந்து வருஷமாக’ என்றால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ஒருமுறை இதைச் சொன்னால், வகுப்பில் அப்புறம் யாரும் தடுமாறுவதில்லை.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஆசாமிகளுக்கும் தமிழே துணை. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது சொல்வோமா? ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்றால் வீட்டில் சிரிப்பார்கள். தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும்... இவற்றோடு ‘கொண்டிரு’ ஒட்டாதது போலத்தான் அங்கே ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’ இவற்றோடு பெரும்பாலும் ‘இங்’ ஒட்டாது.

ஒரு ‘ஹேட்’டின் விலை

‘இதெல்லாம் சின்ன விஷயம் சார், சொன்னா புரிஞ்சா போதும்’ என்பவர்களுக்காக ஒரு சம்பவம்.

என் வகுப்புக்கு வரும் ஒரு பையன் ஒரு தனியார் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்ஷன். கான்ட்ராக்ட் வேலை, அடுத்த மாதம் ரெனியூவல். ஒருநாள் முகம் வாடிப்போய் வந்து ஒரு மெமோவை நீட்டினான். அவசரமாகப் போக வேண்டிய ஸ்பேர் பார்ட்ஸ் லாரியில் போகவில்லை. வாடிக்கையாளர் தொழிற்சாலையில் மெஷின் நின்றுவிட்டது. ‘உன் தாமதத்தால்தான் இது, 48 மணி நேரத்துக்குள் விளக்கம் கொடு’ என்று மெமோ.

அவன் எழுதிவைத்திருந்த விளக்கத்தின் முதல் வரி: ‘வென் தி லாரி கேம், ஐ பேக்ட் தி பார்சல்ஸ்.’

“தம்பி, நடந்ததைத் தமிழ்லே சொல்லு” என்றேன்.

“லாரி வந்தப்போ நான் எல்லாத்தையும் பேக் பண்ணியிருந்தேன் சார். லாரியிலே இடமே இல்லே. வேற லோடு ஏத்திட்டு வந்துட்டாங்க.”

“பண்ணியிருந்தேன்னு சொன்னியே, அந்த ‘இருந்தேன்’ பேப்பர்லே எங்கே?”

பையன் பேப்பரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கே புரிந்துவிட்டது. அவன் எழுதிய வாக்கியத்தைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? லாரி வந்தது, அப்புறம்தான் இவன் பேக் பண்ண உட்கார்ந்தான். அதாவது மெமோவில் இருக்கிற குற்றச்சாட்டை இவனே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுத் தருகிறான்! வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: ‘ஐ ஹேட் பேக்ட்.’ லாரி வருவதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது.

‘ஹேட்’டுக்கு விதி இதுதான். நடந்து முடிந்த இரண்டு சம்பவம் இருக்க வேண்டும். அதில் முந்தி நடந்ததற்கு ‘ஹேட்’. ஒரே சம்பவம் என்றால் வேண்டாம். ‘நேத்து மதுரை போயிருந்தேன்’ என்று தமிழில் தனியாகச் சொல்லலாம். அதை நம்பி ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்று எழுதினால், கேட்கிறவர் ‘சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு?’ என்று காத்துக்கொண்டே இருப்பார்.

பையன் திருத்தி எழுதினான். கீழே, பேக்கிங் ரிஜிஸ்டரில் அவன் குறித்திருந்த நேரம் 3.10, கேட்டில் லாரி நுழைந்த நேரம் 4.25 என்று இரண்டு வரி சேர்த்தான். அதிகாரிகள் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார்கள். மெமோவோடு விஷயம் முடிந்தது. ரெனியூவலும் ஆயிற்று. அவனைக் காப்பாற்றியது ரிஜிஸ்டர்தான். ஆனால் ரிஜிஸ்டரைப் புரட்ட வைத்தது அந்த ‘ஹேட்’.

இன்றைக்கு ஃபோனே இங்கிலீஷ் எழுதித் தருகிறது, ஸ்பெல்லிங்கைத் திருத்துகிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் லாரி முதலில் வந்ததா, பார்சல் முதலில் கட்டினதா என்பது ஃபோனுக்கு எப்படித் தெரியும்? ‘ஐ பேக்ட்’ என்பதும் இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம்தானே! நடந்தது அதுவல்ல என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டது, படுகிறது, படும்

இப்போது பாஸிவ் வாய்ஸ். நம் செயப்பாட்டுவினை.

அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். தமிழைப் பாருங்கள். எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும், எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ‘எழுத’ அசையவே இல்லை. அடி உதை எல்லாம் வாங்குவது ‘படு’தான். இங்கிலீஷிலும் அப்படியே. ‘ரிட்டன்’ அசையாது. காலத்தைச் சுமப்பது முன்னால் நிற்கும் ஆள்: ‘ஈஸ் ரிட்டன்’, ‘வாஸ் ரிட்டன்’, ‘வில் பி ரிட்டன்’, ‘ஹாஸ் பீன் ரிட்டன்’, ‘ஈஸ் பீயிங் ரிட்டன்.’ வினையின் மூன்றாவது உருவம் முதலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓடியாடி வேலை செய்வது ‘ஈஸ், வாஸ், பீன்’ என்ற ஆபீஸ் பாய்.

கடைசியில் சொன்ன ‘ஈஸ் பீயிங்’ ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கே வாயில் நுழையவில்லை. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை ‘தி ஹவுஸ் ஈஸ் பில்டிங்’ என்றுதான் முன்பு சொன்னார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் புது உருவம் தலைகாட்டியது. 1795-ல் ராபர்ட் சதே என்ற கவிஞர் எழுதிய கடிதம் ஒன்றில் அது இருக்கிறது. அடுத்த நூற்றாண்டு முழுக்கப் பண்டிதர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களே தடுமாறிய இடத்தில் நாம் கொஞ்சம் தடுமாறினால் குடி முழுகிவிடாது.

ஒரு எச்சரிக்கை. ‘தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்று எழுதாதீர்கள். ‘விபத்து நடக்கப்பட்டது’ என்போமா? தமிழில் ‘படு’ ஏற்காத இந்த மாதிரி வினை, அங்கேயும் பாஸிவ் ஏற்காது. மறுபக்கம், ‘பிறந்தேன்’ என்பது நமக்குச் செய்வினை. அவர்களுக்கு ‘ஐ வாஸ் பார்ன்’ என்று பாஸிவ். பெற்றவள் அம்மா, நான் பிறப்பிக்கப்பட்டேன் என்ற கணக்கு. யோசித்தால் நியாயம்தான்!

இன்னொன்று. படம் பிடிக்காமல் தியேட்டரிலிருந்து வந்த பையன், ‘ஐ ஆம் போரிங்’ என்றான். கூட இருந்தவர்கள் ஒருத்தரும் மறுக்கவில்லை! அறுப்பது ‘போரிங்’, அறுபடுவது ‘போர்ட்.’ ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்றால், நான் சுவாரஸ்யமான ஆசாமி என்று தற்பெருமை. சொல்ல வேண்டியது ‘இன்ட்ரஸ்டட்.’

யார் செஞ்சது?

பேச்சுத் தமிழில் நாம் ‘படு’வை அதிகம் தொடுவதில்லை. ‘இட்லி என்னால் சாப்பிடப்பட்டது’ என்று சொல்கிற வீடு உண்டா? அதற்குப் பதில் நம்மிடம் வேறு தந்திரம் இருக்கிறது. ‘லெட்டர் அனுப்பியாச்சு.’ யார் அனுப்பினது? தெரியாது. ‘கண்ணாடி உடைஞ்சிடுச்சு.’ யார் உடைச்சது? கண்ணாடியே உடைந்துகொண்டது! சின்னக் குழந்தைக்குக்கூட ‘உடைச்சேன்’ வராது, ‘உடைஞ்சிடுச்சு’தான் வரும்.

இந்தச் சாமர்த்தியம் உலகப் பொதுச்சொத்து. அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிக்கொண்டு, 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசியபோது, ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன. யாரால்? வாக்கியத்தில் ஆளே இல்லை. அதே மார்ச் மாதம் டி.வி.யில் தோன்றி, ‘ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிடி’ என்றார். பாஸிவிலிருந்து ஆக்டிவுக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது!

இதற்காக பாஸிவே ஆகாது என்பதில்லை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் எழுதிய பிரபலமான கட்டுரையில், ஆக்டிவ் போட முடிகிற இடத்தில் பாஸிவ் போடாதே என்று உபதேசித்தார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாஸிவ் இருக்கிறது! செய்தவர் யார் என்பது முக்கியமில்லாதபோது பாஸிவ்தான் லட்சணம். ‘உங்கள் சம்பளம் வரவு வைக்கப்பட்டது’ என்று பேங்க் மெஸேஜ் வந்தால், எந்த கிளார்க் வைத்தார் என்று நாம் கேட்கிறோமா?

நம் டெஸ்பாட்ச் பையன் இரண்டாவது வரியாக ‘தி பார்சல்ஸ் வேர் நாட் லோடட்’ என்று எழுதியிருந்தான். “யார் ஏத்தலே?” என்று கேட்டேன். தயங்கினான். “டிரைவர் பேரைப் போட்டா பாவம் சார், அவரும் என்னை மாதிரிதான்.” எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருந்தது. ஆனால் ஆளே இல்லாத வாக்கியத்தைப் படிக்கிறவர், அந்தக் காலி இடத்தில் எழுதினவன் பேரையே போட்டுக்கொள்வார். கடைசியில், ‘தேர் வாஸ் நோ ஸ்பேஸ் இன் தி லாரி’ என்று எழுதினான். டிரைவரையும் மாட்டிவிடவில்லை, தன்னையும் மாட்டிக்கொள்ளவில்லை. நடந்த உண்மையும் அதுதான்.

ராத்திரி மூன்று வரி

கடைசியாக ஒரு யோசனை. கைடு வேண்டாம், கோர்ஸ் வேண்டாம். படுக்கப் போகும் முன் ஃபோனிலோ டைரியிலோ மூன்று வரி எழுதுங்கள். இன்றைக்குச் செய்தது ஒரு வரி. தினமும் செய்வது ஒரு வரி. ஒரு வேலைக்கு முன்பே முடித்திருந்த இன்னொரு வேலை ஒரு வரி. முதலில் தமிழில் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘வேனா, இருக்கிறேனா, இருந்தேனா’ என்று வாலைப் பிடியுங்கள். அப்புறம் இங்கிலீஷ். வாரம் ஒருமுறை, அதில் ஒரு வரியைப் பாஸிவாக மாற்றி, அர்த்தம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

மூன்று மாதம் விடாமல் எழுதிய பையன்கள் மெயில் அடிக்கும்போது கை நடுங்குவதில்லை. என் கண்ணால் பார்க்கிறேன். ‘நாளைக்கு ஆரம்பிக்கிறேன் சார்’ என்கிறவர்களும் உண்டு. ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதற்கு இங்கிலீஷில் ‘ஹேவ் பீன் ஸேயிங்’ என்று பேர்!